ஓடாமல் நின்ற வண்டி

மேலக்கட்டளை,
18-2-1979

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மருதையன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். உன் சுகத்துக்கும், நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து வந்த இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் எழுதவும்.

கார் வாங்கிவிட்டேன். நம் ஊர் மிராசுதார் ஐயாறப்பனுடைய அம்பாசடர்தான். அவர் குடும்பத்தோடு தஞ்சாவூருக்குக் குடி போனதிலிருந்து பண்ணை வீட்டு ஷெட்டில் கிடந்ததே, அதே வண்டி. பின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. "குஞ்சு பொரிச்சதும் வண்டிய எடுத்துக்க, ஒரு வாரம் பொறு" என்றார் காவல்காரர். பொறுத்தேன். எட்டு வருடம் அரிசி மில் லாரியை ஓட்டி முதலாளியிடம் பேச்சு வாங்கியவனுக்கு ஒரு வாரம் பெரிதா? இனிமேல் சொந்த டாக்ஸி.

நீ அனுப்பிய ஐயாயிரத்தையும் கொடுத்தாயிற்று. நீ சொன்னபடி ரசீதும் கேட்டேன். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயாகிட்ட போயி ரசீது கேக்குறியேடா" என்று என் விலாவில் இடித்தார். ஐயாறப்பன் சிரித்துக்கொண்டு தன் கைப்படவே எழுதினார்: 'ஐந்து வருடமாக ஓடாமல் என் ஷெட்டில் நின்ற வண்டி. நிறைகுறை பார்த்து வாங்கியது. பின்னால் குறை சொல்லி வரக்கூடாது.' கீழே கையெழுத்தும் தேதியும். எஞ்சின் சரியில்லை என்று நான் மறுநாளே போய் நிற்பேனோ என்று அவருக்குப் பயம்.

டாக்ஸ் மட்டும் கொஞ்சம் பாக்கியாம். அதைக் கட்டினால் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
மருதையன்


செவிலியர் விடுதி, சென்னை,
26-2-1979

அன்புள்ள தம்பிக்கு அக்கா செவ்வந்தியின் ஆசீர்வாதம். நான் சுகம். இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் தலைவலியும் சேர்ந்துகொண்டது.

கொஞ்சம் பாக்கி என்றால் எவ்வளவு? குழம்புக்குப் புளி கரைக்கிற மாதிரி எழுதுகிறாய். கார்க் கண்ணாடியில் வட்டமாக ஒரு டாக்ஸ் டோக்கன் ஒட்டியிருப்பார்களே, அதில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்று பார்த்தாயா? கோழியைப் பார்த்திருக்கிறாய், முட்டையைப் பார்த்திருக்கிறாய், அதைப் பார்க்க மட்டும் உனக்குக் கண் இல்லாமல் போயிற்றா?

அது ஆறு வருடம் ராத்திரி கண் விழித்துச் சேர்த்த பணம். இராஜாங்கத்துக்கும் எனக்கும் கல்யாணம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். அவரும் பொறுமைசாலிதான், லேபில் வேலை பார்ப்பவர், எதற்கும் ரிசல்ட் வரக் காத்திருந்து பழக்கம். ஆனாலும் நேற்று "கார் எப்ப ஓடும் செவ்வந்தி?" என்று கேட்டார். தஞ்சாவூர் போய் நேரில் விசாரித்து விவரமாக எழுது. அப்பாவை வெயிலில் அலைய விடாதே.

அன்புடன்,
செவ்வந்தி


மேலக்கட்டளை,
20-3-1979

அன்புள்ள அக்காவுக்கு, அனைவரும் நலம். அம்மாவுக்குப் பல்வலி, கிராம்பு வைத்திருக்கிறாள்.

மோட்டார் ஆபீசுக்கு நான்கு தரம் போய் வந்தேன். காதர் மைதீன் என்று ஒரு கிளார்க், நல்ல மனிதர். பெரிய லெட்ஜரைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். 1974 ஏப்ரலிலிருந்து ஒரு பைசா கட்டவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டிய வரி, இருபது முறை கட்டாமல் நிற்கிறது. அபராதத்தோடு மூவாயிரத்துச் சொச்சம்.

"சார், வண்டி ஓடவே இல்லையே, ஓடாத வண்டிக்கு என்ன ரோடு வரி?" என்றேன். "ஓடலைன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கணும் தம்பி. எழுதிக் கொடுக்கலைன்னா ஓடுனதாத்தான் கணக்கு" என்றார். "அப்ப ஐயாறப்பன்தானே கட்டணும்?" என்றேன். "வண்டி இப்ப யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் கேப்போம். பாக்கி தீராம உங்க பேருக்கு மாத்தவும் முடியாது, டாக்ஸியாக்கவும் முடியாது" என்றார். ஐந்து வருடம் கோழி உட்கார்ந்த சீட்டுக்கு நான் சாலை வரி கட்ட வேண்டுமாம் அக்கா!

ஆனால் ஒரு வழி சொன்னார். வண்டி நின்றுதான் கிடந்தது என்று பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட அசல் காகிதத்தை மனுவோடு வைத்தால் மேலதிகாரிக்கு அனுப்பிப் பாக்கியைத் தள்ளுபடி செய்யப் பார்க்கலாமாம். அந்த ரசீதுதான் நம்மிடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
மருதையன்


சென்னை,
28-3-1979

அன்புள்ள தம்பிக்கு, நலம். அம்மா பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது, கிராம்பு வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்ததும்தான் மூச்சு வந்தது. ரசீதைக் கொடுத்துவிட்டு மறு வேலை பார். எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த நேரத்தில் பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் கொடுத்திருக்கலாம். ரசீது கேட்கச் சொன்னது நான்தான் என்பதையும் மறக்காதே. எழுதவே வேண்டாம், "கொடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
செவ்வந்தி


மேலக்கட்டளை,
2-5-1979

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வெயில் கடுமை. ஆற்றில் மணல்தான். எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிவிட்டேன், ஒரே திருகில் கிளம்புகிறது. சீட்டுக்குப் புது உறை போட்டாயிற்று. இப்போது பார்த்தால் கோழி இருந்த வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரசீதை இன்னும் கொடுக்கவில்லை. இப்போதைக்குக் கொடுக்க முடியாது. ஏன் என்று கேட்காதே. நேரில் வரும்போது சொல்கிறேன். அப்பாவும் எழுத வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
மருதையன்


(கார்டு)
சென்னை,
10-5-1979

தம்பிக்கு, நலம். நலமா?

ஏன் என்று கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? பணம் கொடுத்தவள் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரியா கேட்பாள்? ஐந்து வருடம் ஓடாமல் நின்ற வண்டி என்று அந்த ஐயாறப்பனே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வண்டிக்குச் சீட்டு உறை தைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குப் புத்தி இருக்கிறதா, இல்லையா? உடனே கொண்டுபோய் ஆபீசில் கொடு.

செவ்வந்தி


மேலக்கட்டளை,
22-5-1979

அன்புள்ள அக்காவுக்கு, அனைவரும் நலம், உன் நலமும் அறிய ஆவல்.

உன் கார்டு 14ஆம் தேதி வந்தது. 16ஆம் தேதி ஐயாறப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதுவரை என்னை ஏறிட்டும் பார்க்காதவர், "உக்காருப்பா மருதையா" என்று நாற்காலியைக் காட்டினார். வரிப் பாக்கி முழுவதையும், அபராதத்தோடு, தானே கட்டிவிடுகிறாராம். என் பேருக்கு மாற்றிக் கொடுக்கிற செலவும் அவருடையதாம். அந்த ரசீதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை மட்டும் போட்ட வேறு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். திட்டு. ஆனால் கார்டில் திட்டாதே. கவரில் போட்டு, நன்றாக ஒட்டி அனுப்பு.

இப்படிக்கு,
மருதையன்


(கார்டு)
சென்னை,
4-6-1979

அன்புள்ள அப்பாவுக்கு மகள் செவ்வந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா?

தம்பியிடம் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மிராசுதாரே முன்வந்து வரியைக் கட்டுகிறேன் என்கிறார். இவன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்கிறான். ஆபீசிலும் கொடுக்க மாட்டானாம், அவரிடமும் கொடுக்க மாட்டானாம், காரணமும் சொல்ல மாட்டானாம். அது நான் ராத்திரியெல்லாம் நோயாளி பக்கத்தில் நின்று சம்பாதித்த பணம். எனக்கு வயது முப்பது ஆகிறது அப்பா. கல்யாணத்தை இன்னும் எத்தனை நாள் தள்ளிப் போடுவது? அந்தக் கார் ஷெட்டில் நிற்கிற வரைக்கும் நானும் இங்கே நிற்க வேண்டியதுதான். தம்பியைக் கூப்பிட்டு அந்தக் காகிதத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்.

உங்கள் மகள்,
செவ்வந்தி


தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு,
7-6-1979

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலம்.

இதை ஊரில் போடாமல் இங்கே வந்து போடுகிறேன். நம் ஊர்த் தபாலாபீஸ் ஐயாறப்பனுடைய தங்கை மகன் வீட்டு ரேழியில் இருப்பது உனக்கு மறந்தே போய்விட்டது. நம் கார்டை அவன் படித்த பிறகுதான் நாம் படிக்கிறோம். போன கார்டை அவன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். இல்லாவிட்டால் தான் எழுதிக் கொடுத்ததே அவருக்கு ஞாபகம் வந்திருக்காது.

விஷயத்தைச் சொல்கிறேன். அப்பா உழுகிற ஒன்பது மா நிலத்துக்குப் பதினெட்டு வருடமாகக் குத்தகை நெல் அளக்கிறார். போன வருடம் விவசாயச் சங்கத்து வைரக்கண்ணு அண்ணன் எடுத்துச் சொல்லி, அப்பா தன்னைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று மனுப் போட்டார். பதிவாகிவிட்டால் யாரும் அவரை இறக்கிவிட முடியாது. 'பொண்ணு பயந்துக்கும், எழுதாத' என்றார், எழுதவில்லை. ஐயாறப்பன் ஏப்ரலில் போட்ட பதில் மனுவில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? 'வேம்பு என் கூலியாள், நிலத்தை நானே பயிர் செய்கிறேன், ஐந்து வருடமாகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு நாள் விடாமல் என் காரில் வந்து மேற்பார்வை பார்த்தேன்' என்று. எந்தக் கார்? என் கார்! கோழி அடை காத்த கார்! ஆட்சி மாறும்போதெல்லாம் வாசலில் கொடியை மாற்றிக் கட்டுகிற மனிதர், காரை மட்டும் ஷெட்டை விட்டு எடுத்ததில்லை. இது ஊருக்கே தெரியும். ஆனால் யார் வந்து சாட்சி சொல்வார்கள்? எல்லோரும் அவர் களத்தில் கூலி வாங்குகிறவர்கள். பதினெட்டு வருடத்தில் அப்பா நெல்லுக்கு ஒரு ரசீது கேட்டதில்லை. அவர் கைப்பட எழுதியது என்று நம்மிடம் இருப்பது இந்த ஒரே காகிதம்தான்.

விசாரணை 28ஆம் தேதி. அசல் வேண்டும் என்கிறார் நம் வக்கீல். அது முடிந்ததும் வாங்கி வந்து வரி ஆபீசில் கொடுத்துவிடலாம். மூன்று வாரம் பொறு அக்கா, நிலமும் நிற்கும், காரும் ஓடும்.

அப்பாவுக்கு மட்டும் எதுவும் எழுதிவிடாதே. அவர் கார்டை எடுத்துக்கொண்டு படித்துக் காட்டச் சொல்லி அந்த ரேழிக்குத்தான் போவார்.

இப்படிக்கு,
மருதையன்


சென்னை,
10-6-1979

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. 4ஆம் தேதியே நான் அப்பாவுக்குக் கார்டு போட்டுவிட்டேன். காகிதத்தைக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நாசமாய்ப் போக என் கை!

இதையெல்லாம் போன மாதமே ஏன் எழுதவில்லை? தஞ்சாவூருக்கு நான்கு தரம் போனவனுக்கு அங்கே தபால் பெட்டி ஒன்றுகூடத் தென்படவில்லையா? பொண்ணு பயந்துக்கும் என்றாராம். ஆஸ்பத்திரியில் தினம் சாவைப் பார்க்கிறவள் ஒரு மனுவைக் கண்டா பயப்படுவேன்? அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறீர்களாக்கும்!

கார்டு வந்துவிட்டதா? அப்பா என்ன செய்தார்? ரசீது உன் கையில்தானே இருக்கிறது? தந்தி கொடு.

செவ்வந்தி


மேலக்கட்டளை,
14-8-1979

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலம். உன் கடிதமும், அதன் பிறகு நீ அடித்த தந்தியும், மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுதக் கை வரவில்லை.

அப்பாவுக்கு நீ போட்ட கார்டு ஜூன் 7ஆம் தேதியே வந்துவிட்டது. நான் உனக்குக் கடிதம் போடத் தஞ்சாவூர் போயிருந்த அதே மத்தியானம். அப்பா அதை எடுத்துக்கொண்டு ரேழிக்குப் போயிருக்கிறார். அவன் படித்துக் காட்டியிருக்கிறான். நேரே வீட்டுக்கு வந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து ரசீதை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு, பண்ணை வீட்டுக்கு நடந்து போய், அன்று அங்கே வந்திருந்த ஐயாறப்பனிடம் கொடுத்துவிட்டார். நான் சாயங்காலம் வந்தபோது புது ரசீது இருந்தது. விலை மட்டும் போட்டிருந்தது.

நான் கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

மறுநாளே ஐயாறப்பன் இருபத்தொரு காலாண்டு வரியையும் கட்டிவிட்டார். காதர் மைதீன் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, மனு கொடுக்கப் போறேன்னீங்க?" என்றார். விசாரணையில் அந்த வரி ரசீதை ஐயாறப்பனுடைய வக்கீல் கையில் எடுத்துக் காட்டினார். கார் ஓடவில்லை என்றால் யாராவது இவ்வளவு வரி கட்டுவார்களா என்று கேட்டார். ஓடின வண்டிதான் என்று முடிவாகிவிட்டது. அப்பாவின் மனு தள்ளுபடி. போன வாரம் உத்தரவு கைக்கு வந்தது. வயலில் இருக்கிற குறுவையை அறுக்க அப்பாவுக்கு உரிமை இல்லை. வேண்டுமானால் கூலிக்கு வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கார் என் பேருக்கு மாறிவிட்டது. கண்ணாடியில் டோக்கன் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மருதையன்


மேலக்கட்டளை,
16-9-1979

(அக்கா, அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்கிறார். மருதையன்.)

செவ்வந்திக்கு அப்பா சொல்லி எழுதுறது. நானும் அம்மாவும் சுகமா இருக்கோம். நீ சுகமா இருக்கியா? ஒரு மாசமா உங்கிட்டேருந்து எழுத்தே இல்ல. அம்மா தினம் போஸ்ட்மேன் சைக்கிளப் பாத்து வாசல்ல வந்து நிக்கிறா.

தம்பிய வையாத. அவன் ஒழுங்காத்தான் இருந்தான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஏழு நடை ஓட்டுனான். அதுல ரெண்டு நடைக்கு என்னையும் முன் சீட்டுல உக்கார வச்சுக்கிட்டான். நல்லா ஓடுது, குலுக்கல் இல்ல.

அந்தக் காகிதம் எதுக்குன்னு தெரியாம கிழவன் ஏமாந்துட்டான்னு தம்பி நெனக்கிறான். வைரக்கண்ணுவும் அப்படித்தான் நெனக்கிறாப்ல. நம்ம வக்கீலு என் மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. உன் கார்டாலதான் போச்சுன்னு நீ அங்க அழுதுக்கிட்டு இருப்ப. அதுக்காகத்தான் இத எழுதச் சொன்னேன்.

அது கோர்ட்டுக்கு வேண்டிய காகிதம்னு எனக்கு நல்லாத் தெரியும். வக்கீலு ரெண்டு தரம் வெளக்கிச் சொல்லியிருந்தாரு. கார்ட மறுபடியும் ஒரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்புறம் தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டுப் போனேன். கேசு ஜெயிச்சாலும் அவரு சும்மா இருக்க மாட்டாரு, மேல போவாரு. அந்தக் காகிதமும் கோர்ட்டோட கோர்ட்டா மேல போவும். அது திரும்பி வர்ற வரைக்கும் காரு நிக்கும், நீயும் நிப்ப. ஒனக்கு முப்பது வயசாச்சுன்னு அந்தத் தபாலாபீஸ் பய வாயால கேட்டதுக்கப்புறம் எனக்கு ஒம்போது மா கண்ணுல படல. அத யாருகிட்டயும் சொல்லல. சொன்னா தம்பி விட்டிருக்க மாட்டான்.

குறுவை அறுப்புக்கு என்னையும் கூப்பிட்டாங்க. போனேன். நெல்லு நல்ல வெளச்சல்.

தை மாசத்துல நாள் பாத்துடு. நாஞ் சொன்னேன்னு இராஜாங்கத்துக்கிட்ட சொல்லு. இதுக்கும் கோவிச்சுக்கிட்டு எழுதுவ, எழுது. ஆனா கவர்ல போடு, தம்பி படிச்சுக் காட்டுவான். நீ என்னத் திட்டுறத அந்தப் பய வாயால கேக்க எனக்குச் சகிக்கல.

இப்படிக்கு,
அப்பா வேம்பு
(கைநாட்டு)